கோடை விடுமுறைக்குப் பேரப்பிள்ளை வருகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மாவட்டம் குள்ளஞ்சாவடிப் பக்கம் செம்மண் மேட்டில் எங்கள் வீடு. சுற்றிலும் முந்திரித் தோப்பு. வாசலில் ஒரு பலா, கொல்லையில் முருங்கையும் நாவலும், கிணற்றடியில் நாலு வாழை. மூன்று வருடமாக மே மாதம் முழுக்கப் பேத்தி என்னோடுதான் இருக்கிறாள். சென்னையில் ஏழாவது மாடியில் வளர்கிற பிள்ளை, இப்போது 9 வயது. முதல் வருடம் செருப்பில்லாமல் மண்ணில் கால் வைக்கமாட்டாள். இப்போது அந்தச் செருப்பைத் தேடுவதே எனக்கு ஒரு வேலை. இதைக் கேள்விப்பட்டு நாத்தனார், சம்பந்தியம்மா, என்னோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த டீச்சர்கள் எல்லாரும் போனில் கேட்டதையே கேட்கிறார்கள். சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதி வைத்துவிட்டேன்.

கத்திரி வெயிலில் பிள்ளை வாடிவிடாதா?

வாடும், நீங்கள் பத்து மணிக்குக் கிளம்பினால். நாங்கள் ஐந்தரைக்கு எழுந்து, விடியும்போது தோப்பில் இருப்போம். எட்டரைக்கு வீடு. அப்புறம் சாயங்காலம் நாலரைக்குத்தான் வெளியே. நடுவில் பழைய சோறு, மோர், நுங்கு, தூக்கம். பறவைகளும் அப்படித்தான், உச்சி வெயிலில் ஒன்றும் வாயைத் திறக்காது.

கடலூர் டவுனில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு, மதியத்துக்கு மேல் கடல்காற்று வந்துவிடும். எங்கள் மேட்டுக்கு அது வந்து சேரக் கொஞ்சம் நேரமாகும். மேல்காற்று பலமாக அடிக்கிற நாளில் கடல்காற்றால் உள்ளே வரவே முடியாது, அன்றைக்குத்தான் உடம்பு வெந்துபோகும். இதைப் பேத்திக்குச் சொல்லிக் கொடுத்ததிலிருந்து, தினம் மதியம் வாழை இலை எந்தப் பக்கம் ஆடுகிறது என்று ஜன்னலில் நின்று பார்த்துவிட்டு, "ஆயா, கடல் வந்துடுச்சு" என்று அறிவிப்பாள்.

எனக்கே செடி கொடிப் பெயர் தெரியாது. பிள்ளை கேட்டால் என்ன சொல்வது?

தெரியாது என்று சொல்லுங்கள். நான் முப்பது வருடம் கரும்பலகையில் "தாவரத்தின் பாகங்கள்" படம் போட்டவள். அந்தப் பழக்கத்தில் முதல் வருடம் அவள் வாயைத் திறக்கும் முன்பே பதில் சொல்லிவிடுவேன். பதில் கிடைத்ததும் அவள் நடையைக் கட்டிவிடுவாள். நாலு நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது, பெயரைச் சொன்னால் பார்ப்பதை நிறுத்திவிடுகிறாள் என்று. அதற்குப் பிறகு அவளையே பெயர் வைக்கச் சொன்னேன்.

செம்போத்துக்கு அவள் வைத்த பெயர் "கோட்டுக்காரர்". உடம்பெல்லாம் கறுப்பு, மேலே செங்கல் நிறத்தில் இறக்கை, சிவப்புக் கண், வேலியோரம் கைகட்டி நடக்கிற மாதிரி நடை. ஊப் ஊப் என்று அடிவயிற்றிலிருந்து குரல். வேறென்ன பெயர் பொருந்தும்? நீளவாலோடு முந்திரி மரத்துக்கு மரம் தாவும் வால்காக்கைக்கு "துருப்பிடிச்ச கேட்". கரகரவென்ற அதன் கத்தலைக் கேட்டவர்களுக்குப் புரியும். உண்மைப் பெயரை வாரம் கழித்துச் சொன்னால் போதும், அப்போது அது மறக்காது.

எதில் ஆரம்பிப்பது? பெரிய காடு ஏதாவது பக்கத்தில் வேண்டுமா?

திண்ணை போதும். எங்கள் வீட்டுத் திண்ணைக்குக் கீழே, ஓட்டுத் தாழ்வாரத்து நிழலில், மழை படாத புழுதி ஒரு முழ அகலத்துக்கு இருக்கிறது. அதில் புனல் வடிவத்தில் சின்னச் சின்னக் குழிகள். குழியானைப் பூச்சியின் வீடு. நாம் சின்ன வயதில் குச்சி விட்டு நோண்டினோமே, அதேதான்.

பேத்தி குப்புறப் படுத்துக்கொண்டு ஒரு குழியின் முன்னால் நாற்பது நிமிடம் இருந்தாள். ஒரு கட்டெறும்பு விளிம்பில் வந்து சறுக்கியது. ஏற ஏற மணல் சரிந்தது. அடியிலிருந்து யாரோ மண்ணை வாரி இறைக்கிற மாதிரி பொத்துப் பொத்தென்று புழுதி தெறித்தது. எறும்பு மறுபடியும் உருண்டது. கொடுக்கு மாதிரி இரண்டு தாடை வெளியே வந்து அதன் காலைப் பிடித்தன. அவ்வளவுதான், குழியில் சத்தமில்லை. கொஞ்ச நேரம் கழித்து, சத்தெல்லாம் உறிஞ்சிய வெறும் எறும்புத் தோல் வெளியே வந்து விழுந்தது.

ஒன்றை எடுத்து உள்ளங்கையில் விட்டேன். அது பின்னாலேயே நடந்தது. அப்போது அவள் கேட்ட கேள்வியை எந்த வகுப்பிலும் எந்தப் பிள்ளையும் என்னிடம் கேட்டதில்லை: "ஆயா, இது எங்க கக்கா போகும்?" தேடிப் படித்தேன். குழியில் இருக்கிற காலம் முழுக்க அது கழிவே போகாதாம். வயிற்றுக்கும் பின்குடலுக்கும் வழி அடைத்திருக்கிறது. மண்ணை உருட்டிக் கூடு கட்டி, இறக்கை முளைத்து, தட்டான் மாதிரி வெளியே வந்த பிறகுதான் மொத்தமாகக் கழிக்கும். இந்தச் செய்தியை அவள் அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னாள். மாப்பிள்ளை ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தாராம்.

குயில் கத்துகிறது, எங்கே என்று காட்டச் சொல்கிறான். கண்ணிலேயே படவில்லையே?

குயிலைத் தேடாதீர்கள், காக்கைக் கூட்டைத் தேடுங்கள். கோடையில்தான் காக்கை கூடு கட்டும், குயில் அதில்தான் முட்டையிடும். கத்துவது கறுப்பு ஆண். பெண் குயில் பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி போட்டிருக்கும், அதைப் பார்த்து வேறு பறவை என்று நினைப்பவர்களே அதிகம். மே கடைசியில், தன் சாயலே இல்லாத ஒரு குஞ்சுக்குக் காக்கை இரை ஊட்டுவதைப் பார்க்கலாம். எங்கள் வேம்பில் போன வருடம் பார்த்தோம். "காக்காவுக்குத் தெரியாதா?" என்றாள். தெரியவில்லை போலிருக்கிறது என்றேன். "சொல்லிடலாமா?" என்றாள்.

முந்திரித் தோப்பில் என்ன பார்க்க இருக்கிறது? எல்லாம் ஒரே மரம்தானே?

பண்ருட்டிப் பக்கம் பிறந்துவிட்டு இப்படிக் கேட்கலாமா? பழத்துக்கு வெளியே கொட்டை தொங்கும் அதிசயத்தைப் பிள்ளை வேறு எங்கே பார்க்கும். உண்மையில் நாம் பழம் என்று தின்பது வீங்கிப்போன காம்புதான். காய் என்பது அந்தக் கொட்டை. இதை என் பேத்தி நம்பவில்லை. பூவிலிருந்து பார் என்று ஒரு கிளையில் நூல் கட்டிவிட்டேன். முதலில் கொட்டை பெரிதாகி, பிறகுதான் காம்பு ஊதிச் சிவந்தது. ஆனால் இதற்கு மார்ச்சிலிருந்து பார்க்க வேண்டும், மேயில் வருகிற பிள்ளைக்குப் பின்பூவில் காய்த்த கடைசிக் காய்கள்தான் கிடைக்கும். மீதியை நான் போட்டோ எடுத்து அனுப்பினேன்.

ஒரு எச்சரிக்கை. பச்சைக் கொட்டையைக் கடிக்க விடாதீர்கள். தோட்டிலிருக்கும் எண்ணெய் பட்ட இடம் வெந்து கொப்புளிக்கும். எங்கள் ஊரில் கொட்டை உடைக்கிற பெண்கள் விரலில் சாம்பலோ எண்ணெயோ தடவிக்கொண்டுதான் உட்காருவார்கள், அப்படியும் விரல் நுனி கறுத்துத்தான் இருக்கும். பேத்தி அவர்களோடு ஒரு சாயங்காலம் உட்கார்ந்துவிட்டு வந்தாள். அதிலிருந்து பாயசத்தில் முந்திரியைத் தனியாக எடுத்து எண்ணித் தின்கிறாள். இந்த மரமே நம்முடையது இல்லை, பிரேசிலிலிருந்து போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்தது என்றேன். அதற்கு முன் பாயசத்தில் என்ன போட்டார்கள் என்று கேட்டாள். நல்ல கேள்வி.

வாசல் பலா மரத்தையும் சொல்லிவிடுகிறேன். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறியபோது, என் மாமனார் வைத்த இரண்டு பலாவும் ஒரே விடியற்காலையில் வேரோடு சாய்ந்தன. தோப்பில் முந்திரியும் பாதிக்கு மேல் போயிற்று. இப்போதிருப்பது அதற்கு அடுத்த வருடம் நட்டது. பழம் அறுக்கும்போது பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள், கையில் நல்லெண்ணெய் தடவிவிட்டு. ஒவ்வொரு சுளையும் ஒரு பூ. சுளைக்கு நடுவே நார்நாராக இருக்கும் சடை, காயாகாமல் போன பூக்கள். அதாவது ஒரு பலாப்பழம் என்பது ஒரு பூங்கொத்து முழுக்கச் சேர்ந்து ஆன ஒரே பழம். பேத்தி சுளை எண்ணத் தொடங்கி 112இல் விட்டுவிட்டாள், பாதிக்கு மேல் தின்றதை எண்ண மறந்திருப்பாள்.

பாம்பு? (சம்பந்தியம்மா வாரம் ஒரு முறை கேட்பது)

இருக்கிறது. இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், இந்த நாலையும் படத்தில் பார்த்துவைத்துக்கொள்ள வேண்டும். முந்திரிச் சருகில் கண்ணாடி விரியன் கிடந்தால் மிதிக்கிறவரை தெரியாது. அதனால் சருகுக்குள் ஷூ போட்டுத்தான், கம்பால் தட்டிக்கொண்டே. பொந்தில் கை விடக்கூடாது. இருட்டினால் டார்ச் இல்லாமல் கொல்லைக்குக்கூடப் போகக்கூடாது. ராத்திரி தரையில் படுக்கக்கூடாது, கட்டிலும் கொசுவலையும் கட்டாயம். கட்டு விரியன் ராத்திரியில்தான் வரும், கடித்தது தெரியாமலே தூங்கிவிடுவார்கள்.

கடித்துவிட்டால் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், மந்திரிக்கப் போகாதீர்கள். கையோ காலோ அசையாமல் பிடித்துக்கொண்டு 108ஐக் கூப்பிட்டு நேராக அரசு மருத்துவமனை. அங்கே விஷமுறிவு மருந்து உண்டு. இவ்வளவையும் பேத்திக்கும் சொல்லியிருக்கிறேன். பயமுறுத்திச் சொல்லவில்லை, ரோடு தாண்டுவதை எப்படிச் சொல்வோமோ அப்படி.

கடற்கரைக்குக் கூட்டிப்போனால் அலையில் விளையாடத்தான் கேட்கிறார்கள். வேறென்ன காட்டலாம்?

தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்குச் சாயங்காலம் போனால் சுண்டலும் ராட்டினமும்தான். காலை ஆறு மணிக்குப் போங்கள். ஈரமணலில் ஓட்டை ஓட்டையாக இருக்கும், அசையாமல் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் ஒவ்வொன்றிலிருந்தும் கண் இரண்டு குச்சி மாதிரி எட்டிப் பார்க்கும். மணல் நிறத்திலேயே நண்டு. கையைத் தூக்கினால் எல்லாம் ஒரே நொடியில் உள்ளே. இதை வைத்தே பேத்தி ஒன்றரை மணி நேரம் விளையாடினாள், நான் தூங்கியே விட்டேன். தண்ணீரில் கணுக்கால் வரைதான், அங்கே அலை பொல்லாதது.

ஆமை பார்க்க ஆசைப்பட்டால் விடுமுறை தொடங்கியதுமே போக வேண்டும். பங்குனி ஆமை என்று பெயரே இருக்கிறது, முட்டையிடுவது தை முதல் பங்குனி வரைதான். முட்டை பொரிய ஏறக்குறைய 45 முதல் 60 நாள். வனத்துறை முட்டைகளை எடுத்து வேலி போட்ட மணலில் புதைத்துப் பாதுகாத்து, பொரித்த குஞ்சுகளைக் கடலில் விடும். மணலின் சூட்டைப் பொறுத்துத்தான் ஆணா பெண்ணா என்று ஆகும், சூடு கூடினால் பெண். "அப்போ கத்திரியில எல்லாமே பொண்ணா?" என்று கேட்டாள். கிட்டத்தட்ட அப்படித்தான்.

இன்னொன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. துறைமுகத்தில் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். ஏன் என்று பிள்ளை கேட்கும், மீன் இனப்பெருக்கக் காலம் என்று சொல்ல அதைவிட நல்ல இடம் இல்லை. "மீனுக்கும் மே லீவா" என்றாள் இவள்.

பிச்சாவரம் கூட்டிப்போகலாமா?

அந்த அலையாத்திக் காட்டுக்குப் போகலாம், ஒரே ஒரு நாள், விடியற்காலையில். மோட்டார் படகு வேண்டாம், துடுப்புப் படகு எடுங்கள். சத்தமில்லாமல் போனால்தான் சேற்றில் தத்தித் தத்தி ஓடும் மீன்களைப் பார்க்க முடியும். சேற்றைத் துளைத்துக்கொண்டு பென்சில் பென்சிலாக நிற்பவை வெண்கண்டலின் மூச்சு வேர்கள். சிலந்திக் கால் மாதிரி அகட்டி நிற்பது சுரபுன்னை. அதன் விதை மரத்திலேயே முளைத்து முருங்கைக்காய் மாதிரி தொங்கும், விழுந்ததும் சேற்றில் வேர்விடும். தில்லை மரத்தைப் படகுக்காரரிடம் காட்டச் சொல்லுங்கள், தொட வேண்டாம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் வந்தது இந்த மரத்தால்தான். நம் திருப்பாதிரிப்புலியூருக்குப் பாதிரி மரம் மாதிரி.

நாங்கள் புதுச்சேரியில் மாடி வீட்டில் இருக்கிறோம். மரமே இல்லையே?

அணில் இல்லாத மொட்டைமாடி இருக்கிறதா? அதுதானே உங்கள் மாநில விலங்கு. 1826இல் தொடங்கிய தாவரவியல் பூங்கா கையெட்டும் தூரத்தில் இருக்கிறது, அங்கே போங்கள். நாகலிங்க மரத்தைத் தேடச் சொல்லுங்கள், பூ கிளையில் இல்லாமல் அடிமரத்திலேயே பூத்திருக்கும், பீரங்கிக் குண்டு மாதிரி காயும் அங்கேயே. ஊசுட்டேரிக்கும் போகலாம், ஆனால் வெளிநாட்டுப் பறவைகள் பனிக்காலத்தில்தான் வரும். கோடையில் நீர்க்காகமும் முக்குளிப்பானும் இருந்தால் திருப்திப்பட்டுக்கொள்ளுங்கள்.

பிடித்து வளர்க்கக் கேட்டால்?

நாம் தீப்பெட்டிக்குள் பொன்வண்டும், வாலில் நூல் கட்டிய தட்டானுமாக வளர்ந்தவர்கள். நமக்கு உபதேசம் செய்ய யோக்கியதை கிடையாது. எங்கள் வீட்டுச் சட்டம்: பூச்சியைப் பாட்டிலில் வைத்துப் பார்க்கலாம், விளக்கு வைக்கும் முன் எடுத்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும்.

ஒரு தடவை நானே அந்தச் சட்டத்தை மீறினேன். முருங்கையிலிருந்து அணில் குஞ்சு ஒன்று விழுந்துகிடந்தது, கண் திறக்காதது. பேத்தி அழுத அழுகையில் அட்டைப் பெட்டியில் பஞ்சு வைத்து, பசும்பாலில் திரி நனைத்து ஊட்டினேன். மூன்றாம் நாள் வயிறு உப்பிச் செத்துப்போனது. அணில் குஞ்சுக்குப் பசும்பால் ஆகாது. செய்திருக்க வேண்டியது, பெட்டியோடு அதே மரத்தில் நிழலாக, பூனை எட்டாத உயரத்தில் வைத்துவிட்டு நாம் ஒதுங்குவது. தாய் வந்து கவ்விக்கொண்டு போய்விடும். இது எனக்கு அப்போது தெரியாது.

நாவல் மரத்தடியில் புதைத்தோம், செம்பருத்தி வைத்தாள். அடுத்த வருடம் வந்து இறங்கியதும் பையைக்கூட வைக்காமல் அங்கே போய்த் தோண்டினாள். நான் கத்தினேன். எறும்பு தின்று முடித்த சின்ன எலும்புகள், ஒரு தாடை. அதைத் துடைத்து என்னிடம் காட்டி, "எவ்ளோ சின்னது ஆயா" என்றாள். அழவில்லை. மறுபடி அங்கேயே புதைத்துவிட்டாள்.

போன் கேட்டால் கொடுக்கலாமா?

மதியம் ஒரு மணி நேரம் கொடுக்கிறேன். நானும் அப்போது சீரியல் பார்க்கிறேன்.

முழங்கால் வலியோடு எப்படி இவ்வளவு சுற்றுகிறீர்கள்?

சுற்றுவதே இல்லை. பத்து அடிக்கு ஒரு முறை உட்காருவேன். நான் உட்கார்ந்தால் அவள் எதையாவது கண்டுபிடிப்பாள். அவள் அம்மா கூட்டிப்போனால் தோப்பை இருபது நிமிடத்தில் சுற்றி வந்துவிடுவார்கள், ஒன்றும் பார்த்திருக்கமாட்டார்கள்.

ஊருக்குப் போனதும் எல்லாம் மறந்துவிடமாட்டார்களா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வரும். "ஆயா, குழியானை எத்தனை இருக்கு?" நான் போனைக் கையில் பிடித்துக்கொண்டே திண்ணையிலிருந்து இறங்கி எண்ண வேண்டும், குத்துமதிப்பாகச் சொன்னால் ஒத்துக்கொள்ளமாட்டாள். போன வாரம் பதினொன்று. எண்ணிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து வீட்டுக் கோழி வந்து இரண்டைச் சீய்த்துவிட்டது. ஒன்பது என்றேன். ஏன் குறைந்தது என்று விசாரித்துவிட்டு, "அந்தக் கோழியைக் கட்டிப் போடச் சொல்லு" என்றாள்.